ஆபரேஷன் தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது, அதுவரை மாமியாரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரி கேட்டிருப்பது இதுதான். மாமியாருக்கு 62 வயது. மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது. மதுரையில் பயாப்ஸி (துளி சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய், கிரேடு 1 என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் தேதி சுகரும் ரத்த அளவும் சரியில்லை என்று தள்ளிப்போனது. இரண்டாவது தேதி தியேட்டர் லிஸ்டில் இடமில்லை என்று போனது. இப்போது ஏழாவது வாரம். ஹீமோகுளோபின் 8.4, மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 10 சதவீதம். இதற்குள் பரவிவிடாதா, பேசாமல் சென்னைக்கே கொண்டு போய்விடலாமா, சொந்தக்காரர் ஒருவர் சொல்லும் நாட்டு மருந்தைக் கொடுக்கலாமா என்று மூன்று கேள்விகள். நான்காவது ஒன்றையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் பட்ட துணியை அத்தை யாருக்கும் தெரியாமல் தானே அலசிக் காயப்போடுகிறார், பக்கத்தில் போனால் வாடை வருகிறது, கேட்டால் "ஒண்ணுமில்லத்தா" என்கிறார், எதற்குப் பயப்படுவது எதைப் பொறுத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்று. என் கணக்கில் அதுதான் மிக முக்கியமான கேள்வி.

நான் டாக்டர் இல்லை. மகளிர் நோய் வார்டிலும் பிறகு புற்றுநோய் வார்டிலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். உங்கள் அத்தையின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதில் மருந்து பற்றி வருவதெல்லாம் டாக்டரிடம் கேட்பதற்கான கேள்விகள்தான், கடையில் வாங்குவதற்கான சீட்டு இல்லை. காத்திருக்கும் நாட்களில் எந்த வீடு தடுமாறுகிறது, எந்த வீடு சமாளிக்கிறது என்பதை மட்டும் கிட்டத்தில் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் மிக அதிகமாக வருவது எண்டோமெட்ரியாய்டு என்ற வகை. அதில் கிரேடு 1 என்றால் செல்கள் இயல்பான செல்லின் சாயலிலேயே இருக்கின்றன, மெதுவாக வளர்கின்றன என்று பொருள். இது உறுதியான விஷயம். ரத்தம் பட்டு உடனே வெளியே தெரிந்துவிடுவதால் பெரும்பாலோருக்கு நோய் கர்ப்பப்பைக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தும் விடுகிறார்கள். அந்த நிலையில் பிடிபட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. இதே கர்ப்பப்பையில் வரும் சீரஸ், கிளியர் செல், கார்சினோசர்கோமா என்ற வகைகள் அப்படி இல்லை, அவை வேகமானவை. அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு. ஆகவே "கேன்சர்" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்காமல், பயாப்ஸி ரிப்போர்ட்டில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

தாமதத்தால் எவ்வளவு கெடுதல் என்பதில்தான் தெளிவு குறைவு. ஆறு வாரத்துக்குள் செய்துவிடப் பல மையங்கள் முயல்கின்றன. அதைத் தாண்டினால் பலன் குறைகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, பெரிய வித்தியாசம் இல்லை என்று வேறு சில சொல்கின்றன. அதிகம் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் சுகர், இதயநோய், உடல் பருமன் உள்ளவர்கள். அவர்களுக்குக் கெட்டது நடந்தால் அது தாமதத்தாலா, இருந்த நோயாலா என்று பிரிப்பது கஷ்டம். 2020-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று சொன்னதைப் பலர் வாட்ஸாப்பில் சுற்றவிடுகிறார்கள். அதில் பார்த்த ஏழு புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய் இருந்தது, உங்கள் அத்தைக்கு வந்திருக்கும் உட்சுவர் இல்லை. என் முடிவு இது: கிரேடு 1-ல் ஏழு வாரம் என்பது பதறி ஓட வேண்டிய தாமதம் இல்லை, ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து வாரமாக விடக்கூடிய தாமதமும் இல்லை. இன்னொன்று, கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. எம்.ஆர்.ஐ.யில் ஓரளவு தெரியும், ஆபரேஷன் செய்து எடுத்ததைப் பரிசோதித்த பிறகுதான் முடிவாகும். பயாப்ஸியில் கிரேடு 1 என்று வந்து, கர்ப்பப்பை முழுவதையும் பார்த்தபிறகு கிரேடு கூடுவதும் சிலருக்கு நடக்கிறது. அதனால்தான் தேதியை விடாமல் துரத்தச் சொல்கிறேன்.

இப்போது அந்த நான்காவது கேள்வி. காத்திருக்கும்போது ஆபத்தில் போய் மாட்டியவர்களில் நான் பார்த்த பலர், நோய் பரவி மாட்டியவர்கள் இல்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டவர்கள். ஆகவே இவற்றில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரி என்றாலும். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைவது, பெரிய பெரிய கட்டியாக விழுவது, எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருவது. காய்ச்சலோடு அடிவயிறு வலி, கூடவே சீழ் மாதிரி நாற்றம். வயதானவர்களுக்குக் கர்ப்பப்பையின் வாய் அடைத்து உள்ளே சீழ் கட்டிக்கொள்வதுண்டு, சுகர் இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும், காலை வரை பார்ப்போம் என்று வைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுதசை வலிப்பது, திடீரென்று மூச்சு வாங்குவது அல்லது நெஞ்சு வலிப்பது. கேன்சர் இருப்பவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். சிறுநீர் மிகவும் குறைந்துபோவது, வாந்தியோடு வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் இருப்பது. இதில் எதற்கும் மதுரைக்கு இரண்டு மணி நேரம் காரில் கொண்டு போக வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கே போங்கள், தேவகோட்டையோ காரைக்குடியோ. அங்கே ரத்தம் ஏற்றி, டிரிப் போட்டு நிலைப்படுத்தி, மேலே அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே அனுப்புவார்கள். ஃபைல் கையில் இருக்கட்டும்.

இதைக் கண்டுபிடிக்க அத்தை வாயைத் திறக்க வேண்டுமே என்பீர்கள். திறக்க மாட்டார்கள். அந்தத் தலைமுறைக்கு மருமகளிடம் இதைப் பேசுவது கூச்சம், மகனிடம் கேட்கவே வேண்டாம். ஒரு வீட்டில் ஒரு மருமகள் செய்ததைச் சொல்கிறேன். தினத்தாள் காலண்டரில் அன்றன்றைக்குக் கிழிக்கிற தாளை எறியாமல், அதன் பின்பக்கம் நான்கு விஷயம் எழுதச் சொல்லி மாமியாரிடமே பேனாவைக் கொடுத்துவிட்டாள். எத்தனை நாப்கின், வலி பத்துக்கு எத்தனை, காலைச் சுகர், காய்ச்சல் உண்டா இல்லையா. வாயால் சொல்ல வேண்டியதில்லை, எண்ணை எழுதினால் போதும். அந்த ஆச்சி கணக்குப்பிள்ளை வீட்டுப் பெண், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ரவுண்ட்ஸில் டாக்டர் அந்தத் தாள் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கே ரத்தம் ஏற்ற எழுதினார். "அப்பப்போ படுது" என்று வாயால் சொன்னதற்கு அதுவரை யாரும் அசையவில்லை.

பழைய சேலைத் துணிக்குப் பதில் வெள்ளை நாப்கின் வாங்கிக் கொடுங்கள். துணியில் எவ்வளவு போகிறது என்று கணக்குத் தெரியாது, ஈரத்தோடு இருந்தால் தொடை இடுக்கில் புண்ணும் ஆகிவிடும். வாடைக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் வெளியே கழுவினால் போதும். டெட்டால் ஊற்றுவது, படிகாரத் தண்ணீரை உள்ளே பீய்ச்சிக் கழுவுவது, வேப்பிலைச் சாறு எதுவும் வேண்டாம், ஏற்கெனவே நைந்திருக்கிற இடம் அது. நாற்றம் விடாமல் இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கிருமித் தொற்றுக்கு மெட்ரோனிடசோல் மாதிரி மருந்து கொடுத்தால் சில நாளில் நன்றாகக் குறையும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பேரப்பிள்ளைகளைக் கிட்டே சேர்க்காமல் வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் போய்த் தனியாகப் படுத்துக்கொண்ட ஆச்சிமார் எத்தனையோ பேர். மாத்திரையில் தீர்கிற கஷ்டம் அது.

ரத்தப்போக்கைக் குறைக்க டிரனெக்ஸாமிக் ஆசிட் என்ற மாத்திரை கொடுப்பதுண்டு, பலருக்குக் கேட்கும். ஆனால் காலில் ரத்தம் உறைந்தவர், பக்கவாதம் வந்தவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் யோசித்துத்தான் கொடுப்பார்கள். மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம் என்பது அதனால்தான். மாதவிலக்கைத் தள்ளிப்போடக் கொடுக்கிற மாத்திரையைச் சில கடைகளில் இதற்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். அதே இனத்தைச் சேர்ந்த புரோஜெஸ்டிரோன் மருந்து ஒன்று நியாயமாக உண்டு. கிரேடு 1 நோயில், ஆபரேஷன் தாமதமாகும் என்று தெரிந்தால், இடைக்காலத்துக்கு மெஜெஸ்ட்ரால் போன்ற மாத்திரையையோ ஹார்மோன் உள்ள காப்பர்-டி மாதிரியான சாதனத்தையோ வைத்து நோயின் வளர்ச்சியையும் ரத்தத்தையும் அடக்கிவைக்கலாம். கொரோனா காலத்தில் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது பல நாடுகளில் இதைத்தான் செய்தார்கள். உங்கள் அத்தைக்குப் பொருந்துமா என்பது டாக்டர் முடிவு, ஏனென்றால் மாத்திரை சுகரை ஏற்றும், ரத்தம் உறையும் வாய்ப்பையும் கூட்டும். ஆனால் "தேதி வரும்வரை ஹார்மோன் மருந்து ஏதாவது கொடுக்க முடியுமா" என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலிக்கு, பாராசிட்டமால் 650 ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரம் வைத்துக் கொடுப்பது, வலி உச்சத்துக்கு ஏறியபின் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மூரில் அதிகம். சுகர்காரர்களின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. இதற்கும் அடங்காவிட்டால் அடுத்த படி மருந்துகள் இருக்கின்றன, பொறுத்துக்கொண்டு கிடப்பதில் புண்ணியம் எதுவும் இல்லை.

தேதி மூன்றாவது முறையும் தள்ளிப்போகாமல் பார்ப்பதுதான் இனி உங்கள் வேலை. தியேட்டர் லிஸ்ட் உங்கள் கையில் இல்லை. அவசரக் கேஸ் வரும், ஐ.சி.யு.வில் படுக்கை இருக்காது, மயக்க டாக்டர் வேறு தியேட்டருக்குப் போவார். சுகரும் ரத்தமும் உங்கள் கையில் பாதி இருக்கிறது. ஹீமோகுளோபின் 8.4-ஐ இரும்புச் சத்து மாத்திரையால் மட்டும் 10-க்குக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் ரத்தம் போவது நின்றால். ஒருபக்கம் போய்க்கொண்டே இருந்தால் மாத்திரை ஈடுகொடுக்காது. ஆகவே டிரிப்பில் ஏற்றுகிற இரும்பு ஊசி போட முடியுமா, இல்லை ரத்தமே ஏற்ற வேண்டுமா என்று இந்த வாரமே கேளுங்கள். ஒரு யூனிட் ரத்தம் ஏறினால் சுமார் ஒரு கிராம் கூடும். ரத்த வங்கியில் பதிலுக்குக் கொடுக்க ஆள் கேட்பார்கள், பங்காளி வீட்டுப் பையன்கள் இரண்டு மூன்று பேரை இப்போதே சொல்லி வையுங்கள். மாத்திரை சாப்பிடும்போது காபி, டீ, பால் கூடவே வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

சுகர் விஷயத்தில் ஒரு குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. மூன்று மாத சராசரி 10 என்றால் அது எட்டுக்கு வர மூன்று மாதம் ஆகும் என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த எண் இறங்க நாள் ஆவது உண்மைதான், எட்டரைக்குக் கீழ் இருந்தால் நல்லது என்று மயக்க டாக்டர்கள் விரும்புவதும் உண்மை. ஆனால் புற்றுநோய் ஆபரேஷனை அந்த ஓர் எண்ணுக்காக மாதக்கணக்கில் யாரும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. அன்றாடச் சுகர் 180-க்குள் நிலையாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். இன்சுலின் போட்டால் பெரும்பாலோருக்கு அது ஒன்றிரண்டு வாரத்தில் முடிகிற காரியம். "ஊசி போட்டா நிரந்தரம் ஆயிடும்" என்று அத்தை மறுத்தால், ஆபரேஷன் முடிகிறவரைக்கும்தான் என்று சொல்லுங்கள், பலருக்கு அப்படித்தான். தேவைப்பட்டால் அட்மிட் செய்தே சரிசெய்யச் சொல்லிக் கேட்கலாம். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரை சாப்பிட்டால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அதை விட்டுவிட்டுப் போய்த் தேதி இழந்தவர்கள் உண்டு.

சாப்பாட்டுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. முட்டை, மீன், நாட்டுக்கோழி, பருப்பு, தயிர் எல்லாம் தினமும் போகட்டும், தையல் ஆற புரதம் வேண்டும். சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல், முருங்கைக்கீரை ரத்தத்துக்கு உதவும், அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். கறி சாப்பிட்டால் கட்டி வளரும் என்று சொல்லிப் பத்தியச் சோறு போட்டு ஆளை இளைக்க வைப்பதில் எனக்குக் கோபமே வரும். கவுனி அரிசி சுகருக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது. சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிளறினால் எந்த அரிசியும் நல்லதில்லை. கந்தரப்பம், பால் பணியாரத்துக்கும் இதுவே. அத்தை வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் இன்றைக்கே நிறுத்தட்டும், பாக்கில்லாத வெறும் வெற்றிலை பரவாயில்லை.

நடை முக்கியம். பழைய வீடு என்றால் வெளியே போகவே வேண்டாம், வளவை (உள்முற்றத்தை) சுற்றிக் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம் தூணுக்குத் தூண் நடந்தால் போதும், தலை சுற்றினால் பிடித்துக்கொள்ளத் தூணும் இருக்கிறது. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி மெடிக்கலில் கிடைக்கும், வாங்கிப் பழக்குங்கள். எல்லாரும் அதைப் பீப்பி மாதிரி ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே உறிஞ்ச வேண்டும், பந்து மேலே ஏறி ஒன்றிரண்டு விநாடி நிற்க வேண்டும். மணிக்குப் பத்து முறை. ஆபரேஷன் முடிந்து வலியோடு கிடக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

சென்னைக்குப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் போகிற இடத்தில் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். அந்த மருத்துவமனை மேல் நம் பக்கத்துக்காரர்களுக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கும் உண்டு. அங்கேயும் கூட்டம் இருக்கிறது. மதுரையில் இரண்டு மூன்று வாரத்துக்குள் உறுதியான தேதி கிடைக்குமென்றால் மாறாதீர்கள். தேதியே சொல்லவில்லை, அல்லது பயாப்ஸியில் வேகமான வகை என்று வந்திருக்கிறது, அல்லது புற்றுநோய் அறுவை செய்து பழகிய டாக்டர் அங்கே இல்லை என்றால் மாறுவது சரி. மாறினால் பயாப்ஸியின் கண்ணாடி ஸ்லைடு, மெழுகு பிளாக் இரண்டையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி. தட்டும் வேண்டும். வெறும் ரிப்போர்ட் தாளோடு பல்லவன் ரயில் ஏறினால் அங்கே முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம். அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், ஒரு எழுத்து மாறியதற்காக அனுமதி நின்றுபோவது சாதாரணமாக நடக்கிறது.

நாட்டு மருந்து பற்றி. முள்ளுச்சீத்தா இலைக் கஷாயம், கருஞ்சீரகம் என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். இவை கர்ப்பப்பைப் புற்றுநோயை மனிதர்களுக்குக் குணமாக்கியதாக நிரூபணம் கிடையாது. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடி ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, "ஃபிட் இல்லை" என்று மறுபடி தேதி தள்ளிப்போகக் காரணமாகலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்றும் சொந்தத்தில் ஒருவர் சொல்வார். முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடிய காலத்தில் பிறந்த பேச்சு அது. பயாப்ஸியாலோ கர்ப்பப்பையை முழுசாக எடுப்பதாலோ இந்த நோய் பரவுவதில்லை. கர்ப்பப்பையை உள்ளேயே துண்டு துண்டாக்கி எடுத்தால் பரவலாம் என்பது மட்டும் உண்மை, புற்றுநோய் என்று தெரிந்தபின் எந்த டாக்டரும் அதைச் செய்யமாட்டார்.

ஆஸ்பத்திரி தள்ளுவதைச் சொல்கிறோம், வீடு தள்ளுவதைச் சொல்வதில்லை. ஆடி போகட்டும், பேரன் கல்யாணம் முடியட்டும், ஐயாவுக்குப் பீமரத சாந்தி இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து மகன் வந்துவிடட்டும். வார்டிலிருந்து போன் வரும்போது "அடுத்த வாரம் முடியுமா" என்று நாமே கேட்டால், அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொள்ளுங்கள், தேதியை அவர்கள் கொடுத்தபடி எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, அத்தைக்கு என்ன நோய் என்று சொல்லியிருக்கிறீர்களா? "கட்டி" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தால், கையெழுத்துப் போடும் நாளில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து கேட்பார். உங்கள் வாயிலிருந்து, மெதுவாக வளர்கிற வகை, எடுத்துவிடலாம் என்பதோடு சேர்த்துக் கேட்பது நல்லது. துணியை மறைத்து அலசுகிறவருக்குப் பாதி தெரிந்திருக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் கணக்கே வேறு. ஆரம்ப நிலையில்தான் ஆபரேஷன், அதைத் தாண்டினால் கதிர்வீச்சும் கூடவே கீமோவும்தான் முதல் சிகிச்சை, ஆபரேஷன் இல்லை என்றால் கைவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சினைப்பையில் வந்து வயிற்றில் நீர் கோத்திருந்தால், பலருக்கு முதலில் மூன்று சுற்று கீமோ, பிறகு ஆபரேஷன். மூச்சுமுட்டும் அளவுக்கு நீர் சேர்ந்தால் ஊசி வழியே எடுத்துவிடலாம், தேதி வரை தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, அன்றைக்கே ரத்தாகும் சங்கதி. ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, பச்சை கவுன் மாட்டி, மத்தியானம் இரண்டு மணிக்கு "இன்னைக்கு இல்லம்மா" என்பார்கள். ஆத்திரம் வரும். முதலில் அத்தையின் சுகரைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், காலையில் இன்சுலின் போட்டிருந்தார்களா என்று சிஸ்டரிடம் கேட்டுவிட்டு உடனே சாப்பிடக் கொடுங்கள். அதன் பிறகு, அங்கிருந்து நகர்வதற்குள், அடுத்த தேதி என்ன, எந்த யூனிட், எந்த எண்ணில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். திங்கள் கிழமை நீங்கள் மதுரைக்குப் போன் செய்யும்போதும் இதையே கேளுங்கள்: தேதி எது, அதற்கு முன் ரத்தம் எத்தனை இருக்க வேண்டும், சுகர் எத்தனை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் வகை என்று போட்டிருக்கும் அந்த ஒரு வரியை, பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு இங்கே எழுதுங்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன்.